இயந்திர மனிதன் வந்த வழி



நான் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றி ஓய்வு பெற்றவன். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், மாணவர்களின் முன்னேற்ற அறிக்கையில் குறிப்பு எழுதுவது என் கடமைகளுள் ஒன்று. "சொன்னதைச் செய்வான், எதிர்க்கேள்வி கேளான்" என்று ஒரு மாணவனைப் பற்றி எழுதினால், பெற்றோரும் மகிழ்வர், நானும் மகிழ்வேன். அந்தப் பாராட்டு ஒரு மனிதனுக்கு உரியதுதானா என்னும் ஐயம் பின்னாளில் எனக்கு எழுந்தது. அதை எழுப்பியவை ஒரு நாடகமும், ஒரு கதைத் தொகுதியும், ஓர் இசைத்தட்டும் ஆகும். மூன்றும் ரோபோ என்னும் இயந்திர மனிதனைப் பற்றியவை. அவற்றின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ரோபோ என்றதும் இரும்பு உடலும் மின்விளக்குக் கண்களும் நம் நினைவுக்கு வரும். ஆனால் அச்சொல் பிறந்தது தொழிற்சாலையில் அன்று, ஒரு நாடகத்தில். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ஆம் ஆண்டில் 'ஆர்.யூ.ஆர்.' என்னும் நாடகத்தை வெளியிட்டார். அது 1921 ஜனவரி 25 அன்று பிராக் நகரத் தேசிய நாடக அரங்கில் நடிக்கப்பெற்றது. தம் கதையில் வரும் செயற்கைத் தொழிலாளருக்கு என்ன பெயர் இடுவது என்று அவர் தயங்கினார். இலத்தீன் வேரிலிருந்து ஒரு சொல்லை ஆக்கிப் பார்த்தார். அது வெறும் ஏட்டுச் சொல்லாகத் தோன்றிற்று. ஆகவே, ஓவியரான தம் தமையன் யோசப்பிடம் சென்று கேட்டார். தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு படம் தீட்டிக்கொண்டிருந்த தமையனார், 'ரோபோட்' என்று வைக்கலாமே என முணுமுணுத்தார். இந்நிகழ்ச்சியைக் காரலே 1933-இல் ஒரு செய்தித்தாளில் எழுதியிருக்கிறார்.

'ரோபோட்டா' என்பது செக் மொழியில் பழைய சொல். பண்ணையடிமைகளாய் இருந்த குடியானவர்கள் நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்து தரவேண்டிய கட்டாய உழைப்பை அது குறித்தது. 1775-இல் மரியா தெரேசா அரசியார் அதற்கு வரையறை விதித்தார். 1848-இல் அது அடியோடு ஒழிந்தது. நம் சோழர்காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல்லும் இத்தகைய கட்டாய உழைப்பையே குறிக்கும். நாம் 'இயந்திர மனிதன்' என்று பெயர்த்துக்கொண்டோம். அப்பெயரில் இயந்திரம் வந்தது, மனிதன் வந்தான், வெட்டி உழைப்பு மட்டும் மறைந்துபோயிற்று. சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவையும் அல்ல. இரசாயன முறையில் சதைபோலச் செய்யப்பட்ட உடல்கள் அவை.

நாடகத்தின் கதை இது. ஒரு தீவிலுள்ள ஆலையில் ரோபோக்கள் ஆயிரக்கணக்கில் உண்டாக்கப்படுகின்றன. உலகின் வேலைகளையெல்லாம் அவையே செய்கின்றன. மனிதர்க்கு உழைப்பு இல்லை. நாளடைவில் குழந்தைப் பேறும் நின்றுவிடுகிறது. முடிவில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனிதரைக் கொன்றுவிடுகின்றன. அல்குவிஸ்ட் என்னும் கட்டடப் பணியாளர் ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. ஏன் தெரியுமா? அவர் தங்களைப்போலக் கையால் உழைப்பவர் என்பதனால்! பின்னர் இரண்டு ரோபோக்கள் ஒன்றுக்காக மற்றொன்று உயிர்விட முன்வருவதை அவர் காண்கிறார். விவிலிய நூலின் ஆதியாகமத்தைத் திறந்து, ஆறாம் நாளில் மனிதன் படைக்கப்பட்ட பகுதியைப் படிக்கிறார். நாடகம் நிறைவுறுகிறது. காரல் 1938-இல் இறந்தார். அந்தப் பெயரைத் தந்த யோசப் 1945-இல் நாஜிகளின் சிறைமுகாம் ஒன்றில் மாண்டார். மனிதரை மனிதர் கருவியாக்குவதன் கொடுமையை அவர் கதையில் மட்டும் காணவில்லை.

சாப்பெக்கிற்குப் பின் பல கதைகளில் ரோபோ படைத்தவனையே அழிக்கும் அரக்கனாக வந்தது. இந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஐசக் அசிமோவ். அவர் 1920-இல் ரஷ்யாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்றவர். 19 வயதில் அவர் எழுதி 1940-இல் வெளிவந்த கதையில், ராபி என்னும் ரோபோ ஒரு சிறுமியின் விளையாட்டுத் தோழன், அரக்கன் அல்லன். 1942-இல் வெளிவந்த வேறொரு கதையில் அவர் மூன்று விதிகளை வகுத்தார். ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது. தன் செயலின்மையால் தீங்கு நேரவும் விடலாகாது. இது முதல் விதி. அதற்கு முரணாகாத வரையில் மனிதனின் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். இது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் முரணாகாத வரையில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். இது மூன்றாவது.

விதிகள் வந்ததும் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. அதே கதையில் ஸ்பீடி என்னும் ரோபோ புதன் கோளில் செலினியம் கொண்டுவர அனுப்பப்படுகிறது. கட்டளை முன்னே இழுக்கிறது. அங்குள்ள ஆபத்து பின்னே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் அது வட்டமிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. மனிதன் ஒருவன் தன் உயிரை ஆபத்தில் நிறுத்தியதும் முதல் விதி விழித்துக்கொள்கிறது, வட்டம் உடைகிறது. இத்தகைய ஒன்பது கதைகள் 1950-இல் 'ஐ, ரோபோட்' என்ற நூலாயின.

இக்கதைகள் இசைக்குள் எவ்வாறு புகுந்தன? 1960-களின் இறுதியில் இங்கிலாந்து இளைஞர் சிலர், மூன்று நிமிடப் பாட்டோடு நின்ற ராக் இசையை விரிவாக்க முனைந்தனர். ஐரோப்பியச் செவ்வியல் இசையையும், நெடுங்கதைகளையும், தத்துவங்களையும் அதனுள் கொணர்ந்தனர். இதற்கு முற்போக்கு ராக் என்று பெயர். இவ்விசைக்குப் புதிய கருவியும் கிடைத்தது. மின்னலைகளைக் கொண்டு ஒலியை உண்டாக்கும் சிந்தசைசர் அது. ராபர்ட் மூக் என்னும் அமெரிக்கர் 1964-இல் தம் கருவியை அறிமுகப்படுத்தியிருந்தார். இயந்திரத்தைப் பற்றி இயந்திரத்தைக் கொண்டே பாடும் வாய்ப்பு இசைவாணர்க்கு வந்தது.

எமர்சன், லேக், பாமர் என்னும் மூவர் 1973-இல் ஏறத்தாழ 30 நிமிட நீளமுள்ள 'கார்ன் ஈவில் 9' என்னும் படைப்பை வெளியிட்டனர். இசைத்தட்டின் ஒரு பக்கம் போதாமையால் அது மறுபக்கத்திலும் தொடர்ந்தது. அதன் இறுதிப் பகுதி மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் நடக்கும் போர். மனிதன் வென்றேன் என்கிறான். ஆனால் கடைசிச் சொல் கணிப்பொறியுடையதாய் இருக்கிறது. அக்கணிப்பொறியின் குரல் உண்மையில் எமர்சனின் குரலே. கருவி அதை உருமாற்றித் தந்தது. மனிதக் குரலைக் கடன் வாங்கியே இயந்திரம் பேசிற்று.

1977-இல் 'தி ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட்' குழுவினர் அசிமோவின் நூற்பெயரையே தம் இசைத்தட்டுக்கு இட்டனர். குழுவைச் சேர்ந்த எரிக் வூல்ப்சன் அசிமோவிடம் பேசியபோது அவரும் மகிழ்ந்தார். ஆனால் கதைகளின் உரிமை முன்னரே வேறொரு நிறுவனத்திடம் போயிருந்தது. ஆகவே பெயரிலிருந்த காற்புள்ளியை நீக்கி 'ஐ ரோபோட்' என்றனர். இது சட்டத்திற்காகச் செய்த மாற்றமே. ஆயினும் என் செவிக்குப் பொருளும் மாறிவிட்டது. காற்புள்ளியோடு படித்தால் ஒரு ரோபோ தன் கதையைத் தொடங்குகிறது. காற்புள்ளி இன்றிப் படித்தால், 'நான் ரோபோ' என்று மனிதன் தன்னைத்தானே சொல்லிக்கொள்வது போல் இருக்கிறது.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விடுதியில் நண்பரின் ஒலிநாடாவில் இதை நான் முதலில் கேட்டேன். முதல் இசையில் கருவி எழுப்பும் ஒலிச்சரம் ஒன்று ஓயாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதன்மேல் மனிதக் குரல்கள் சொற்கள் இல்லாமல் எழுகின்றன. கடைசி இசையின் பெயர் 'ஆதியாகமம், அதிகாரம் 1, வசனம் 32.' அந்த அதிகாரத்தில் உள்ளவையோ 31 வசனங்களே! மனிதன் படைக்கப்பட்ட ஆறாம் நாளோடு அது முடிந்துவிடுகிறது. சாப்பெக்கின் அல்குவிஸ்ட் படித்த பகுதியும் அதுவே. அடுத்த வசனத்தில் படைப்பவன் மனிதன், படைக்கப்படுவது இயந்திரம். அந்த இசையிலும் குரல்கள் உண்டு, சொற்கள் இல்லை.

இன்று கட்டுரை எழுதும் இயந்திரமும் படம் தீட்டும் இயந்திரமும் உங்கள் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அவை நமக்குக் கீழ்ப்படியுமா என்று அறிஞர் ஆராய்கின்றனர். அது வேண்டிய ஆராய்ச்சியே. ஆனால் என் கவலை வேறு. அசிமோவ் தம் இயந்திரத்துக்குக்கூடக் கீழ்ப்படிதலை இரண்டாம் விதியாகத்தான் வைத்தார். பிறர்க்குத் தீங்கு நேர விடாதே என்பதே முதல் விதி. நான் எழுதிய முன்னேற்ற அறிக்கைகளில் இரண்டாம் விதிக்கே மதிப்பெண் இட்டேன். தன் நண்பனுக்கு அநீதி நேர்ந்ததென்று எழுந்து நின்று கேட்ட மாணவன் ஒருவனை, ஒழுங்கில்லை என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தியதும் உண்டு. அன்று அவன் செய்தது முதல் விதி. நான் கேட்டது இரண்டாவது.

மாணவர்களே, நாடகத்தையும் கதைகளையும் படியுங்கள், இசையைக் கேளுங்கள். உங்களில் பலர் ஆசிரியராவீர்கள். சிலர் இயந்திரங்களையே ஆக்குவீர்கள். எவரிடம் வேலை வாங்கினாலும் இவ்விரண்டு விதிகளின் வரிசையை மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றிவிட்டேன். அந்த மாணவனின் அறிக்கையில் 'அடக்கம் போதாது' என்று எழுதினேன். இன்று எழுதுவதானால் வேறு விதமாக எழுதுவேன்.