எட்டடி எட்டங்குலம்: ஃபோர்சைத்தின் புரிக்கணக்கும் பேக்கரின் பட்டைக் குண்டும்

இலேசான குண்டுக்குத் தளர்ந்த புரி, கனத்த குண்டுக்கு இறுகிய புரி என்பது வேட்டைத் துப்பாக்கி பற்றிய எழுத்தில் நெடுங்காலமாக வழங்கும் விதி. (புரி என்பது குண்டைச் சுழற்றக் குழலுக்குள் திருகாக வெட்டிய காடிகளின் முறுக்கு. ஒரு சுற்றுக்கு ஆகும் நீளம் குறைந்தால் இறுகியது, கூடினால் தளர்ந்தது.) இந்திய வேட்டை நூல்களில் இதற்கு வேர் தேடினால் ஜேம்ஸ் ஃபோர்சைத்திடம் வந்து நிற்போம். வங்காள ஸ்டாஃப் கோர் அதிகாரியான இவர், மத்திய இந்தியக் காடுகளில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1863இல் வேட்டை ரைஃபிளையும் அதன் குண்டுகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் தந்த அளவு பெரும்பாலும் சரி, அதற்குச் சொன்ன காரணம் சரியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஃபோர்சைத்தின் தரப்பை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுவது நியாயம். காட்டில் சுடும் தூரம் அதிகமில்லை. ஆனால் புதருக்கும் மேட்டுக்கும் நடுவே அந்தத் தூரத்தைக் கண்ணால் மதிப்பதில் பிழை நேரும். குண்டு வளைந்து இறங்காமல் நேராகப் பாய்ந்தால் அந்தப் பிழை கெடுக்காது. நேராகப் பாய வேகம் வேண்டும். வேகத்துக்கு நீண்ட கூம்புக் குண்டைவிட அதே வாயளவுள்ள இலேசான உருண்டைக் குண்டும் தாராளமான வெடிமருந்தும் வேண்டும். இங்கேதான் புரி குறுக்கிடுகிறது. இறுகிய புரியுள்ள குழலில் மருந்தைக் கூட்டினால், மெல்லிய ஈயக் குண்டு காடியைப் பற்றிச் சுழலாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும். ஆகவே புரியைத் தளர்த்து என்றார். 14-போர் (ஒரு பவுண்டு ஈயத்தில் 14 உருண்டை வார்க்கும் வாயளவு) துப்பாக்கிக்கு அவர் குறித்த அளவு எட்டடி எட்டங்குலத்தில் ஒரு சுற்று, அதாவது 104 அங்குலம். குழலுக்குள் குண்டு கால் சுற்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இந்த 104 என்ற எண்ணில் சற்று நிற்க வேண்டும். ஃபோர்சைத்தின் நூல் வந்து 16 ஆண்டுகள் கழித்து, 1879இல், வுல்விச் ராணுவக் கல்விக்கூடக் கணிதப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கிரீன்ஹில் ஒரு சூத்திரம் தந்தார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கான நீளம் கிடைக்கும். உருண்டைக்கு நீளமும் விட்டமும் ஒன்றே. 14-போர் வாயின் விட்டம் 0.693 அங்குலம். 150ஆல் பெருக்கினால் வருவது 103.95. ஃபோர்சைத்தின் எண்ணேதான்! சூத்திரம் பிறக்கும் முன்பே காட்டில் சுட்டுப் பார்த்து விடை கண்டுவிட்டார் என்று இதைக் கொண்டாடத் தோன்றும். அது தவறு. கிரீன்ஹில்லின் கணக்கு, நீண்ட குண்டு பறக்கையில் தலைகுப்புறக் கவிழாமல் இருக்க வேண்டிய சுழற்சியைப் பற்றியது. உருண்டைக்குத் தலையுமில்லை, வாலுமில்லை, கவிழ எதுவுமில்லை. வார்ப்பில் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால், அதனால் குண்டு விலகிப் போகாமல் எல்லாப் பக்கமும் சமன் செய்வதே அங்கே சுழற்சியின் வேலை. அதற்குச் சிறிது சுழற்சியே போதும். இந்த எண் பொருத்தத்தைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும்.

போதும் என்பதற்குச் சான்று ஃபோர்சைத்துக்கு 60 ஆண்டு முந்தையது. 1800இல் பிரிட்டிஷ் படை ஏற்ற எசக்கியேல் பேக்கரின் ரைஃபிளில் 30 அங்குலக் குழலுக்குக் கால் சுற்று, அதாவது 120 அங்குலத்தில் ஒரு சுற்று. தளர்ந்த புரி ஃபோர்சைத்தின் கண்டுபிடிப்பு அல்ல. 1837இன் பிரன்ஸ்விக் ரைஃபிள் அதைக் கைவிட்டு 30 அங்குலத்தில் முழுச் சுற்றுக்குத் தாவியது. ஃபோர்சைத் திரும்பிப் போனது பழைய வழிக்கு.

இறுகிய புரி குண்டை வழுக்கவிடும் என்ற வாதத்தை இடறச் செய்பவர் இன்னொரு பேக்கர். நுவரெலியாவில் 1848 முதல் 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸிடம் செய்வித்த ரைஃபிள் 21 பவுண்டு எடை. குழல் 36 அங்குலம். அந்த நீளத்திலேயே ஒரு முழுச் சுற்று. மூன்று அவுன்ஸ் உருண்டைக்கு 16 டிராம், அதாவது ஒரு அவுன்ஸ் மருந்து. காடியின் சாய்வைக் கணக்கிட்டால் ஃபோர்சைத்தின் குழலில் சுமார் 1.2 பாகை, பேக்கரின் குழலில் சுமார் 4.8. நான்கு மடங்கு செங்குத்தான காடியில், குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மருந்து தள்ளியும் அது பயன்பட்டது. காரணம், உருண்டைக்கு அரைஞாண் கட்டினாற்போல் வார்த்த பட்டை. அது இரண்டு ஆழமான காடிகளில் பொருந்தி ஓடியது. வழுக்குவதும் வழுக்காததும் புரியைவிடப் பிடிப்பைச் சார்ந்தது.

இந்தச் சான்றின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி செய்த ஆண்டு 1840 என்று பேக்கர் குறிப்பது 1890இல் வந்த நூலில். அரை நூற்றாண்டு கழித்த நினைவு ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம். பேக்கர் அதைக் கொண்டு அருகில் நின்ற யானையைச் சுட்டதைத் துல்லியத்துக்குச் சான்றாகவும் கொள்ள முடியாது. கரி படிந்த குழலில் பட்டைக் குண்டை இறக்குவது பெரும்பாடு என்ற மறுப்பும் உண்மை. பிரன்ஸ்விக் ரைஃபிளின் மேல் படைவீரர்களுக்கு இருந்த குறையும் அதுவே. ஆனால் அது குண்டு போடும் சிரமம் பற்றிய மறுப்பு, புரி பற்றியது அல்ல. துணி சுற்றிய வழவழப்பான உருண்டைக்குத் தளர்ந்த புரி நல்லது என்ற அளவில் ஃபோர்சைத் வெல்கிறார். அதற்கு அப்பால் இல்லை.

எடையை அளவுகோலாக்கும் விதி எப்படிச் சறுக்குகிறது என்பதற்கு 1871இன் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் ஒன்றே போதும். அதன் குண்டு 480 கிரெயின். 14-போர் உருண்டை 500 கிரெயின். இலேசானது மார்ட்டினியின் குண்டே. ஆனால் அதற்கு 22 அங்குலத்தில் ஒரு சுற்று தேவைப்பட்டது, ஏறத்தாழ ஐந்து மடங்கு இறுக்கம். குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்ததே காரணம். 1955இல் ரெமிங்டன் நிறுவனமும் .244 ரைஃபிளை இலேசான குண்டுகளை எண்ணி 12 அங்குலப் புரியோடு வெளியிட்டது. போட்டியாக வந்த வின்செஸ்டர் .243க்கு 10 அங்குலம். அது 100 கிரெயின் நீண்ட குண்டையும் நன்றாகச் சுட்டது. மான் வேட்டைக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். ரெமிங்டன் புரியை 9 அங்குலமாக இறுக்கி, 1963இல் பெயரையே 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்ற வேண்டியதாயிற்று. இறுகிய புரி இலேசான குண்டைக் கெடுக்கவில்லை. தளர்ந்த புரிதான் நீண்ட குண்டைக் கைவிட்டது.

இங்கே சொன்ன அளவுகள் பெரும்பாலும் நூல்வழி வந்தவை. குழலைத் தொட்டு அளந்தால்தான் வாதம் உறுதிப்படும். வேட்டை சட்டப்படி நின்றுபோன நாட்டில் இதற்குக் குண்டோ மருந்தோ தேவையில்லை. சுழலும் கைப்பிடியுள்ள கம்பியில் துணியை இறுகச் சுற்றிக் குழலுக்குள் செலுத்தி, கைப்பிடி ஒரு முழுச் சுற்று திரும்பும்போது கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று பார்த்தால் போதும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் முதலாக ஆயுதத் தொகுப்பு வைத்திருப்போர், தங்களிடம் உள்ள ரைஃபிள்களின் விவரக் குறிப்பில் வாயளவோடு புரியளவையும் சேர்த்துப் பதிய வேண்டும்.