கல்முனைக் கடற்கரையும் இசைத்தட்டும்

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு முயன்று ஆக்கிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டு அரங்கேறியது. பழந்தமிழ் நூல்களில் யாழின் பெயர் உண்டு. அதன் உறுப்புக்களைப் பற்றிய குறிப்பு உண்டு. பண்களின் பெயர்களும் உண்டு. இல்லாதது ஒன்றே, அஃது அவ்யாழ் எழுப்பிய ஓசை. எஞ்சிய சொற்களைக் கொண்டு இழந்த ஓசையை மீட்பதற்கு அடிகளார் கணிதத்தையும் துணைக்கொள்ள வேண்டியதாயிற்று. ஓசையைக் காத்து வைக்கும் கருவி பண்டை மக்களிடம் இருந்திருப்பின் இத்துணை உழைப்பு வேண்டியதில்லை. அத்தகைய கருவி நம் முன்னோர் காலத்திலேயே வந்தது. காரைதீவை அடுத்துள்ள சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வீடுகளிலும் அது புகுந்தது. அங்ஙனம் வந்த இசைத்தட்டின் வரலாற்றையும், அதனை நாம் எவ்வாறு பேணினோம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலியைப் பதிந்து மீட்டும் கேட்கச் செய்யும் கருவியை எடிசன் 1877 இல் அமைத்தார். அவர் கையாண்டது உருளை. பத்து ஆண்டுகளின் பின்னர் எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தைக் கையாண்டார். ஓர் அச்சிலிருந்து பல தட்டுக்களை அழுத்தி எடுக்கலாம் என்பதே இம்மாற்றத்தின் சிறப்பு. ஏடு எழுதிய காலத்துக்கும் நூல் அச்சிட்ட காலத்துக்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு எனலாம். தட்டு ஆக்குதற்கு முதன்மையான பொருள் அரக்கு. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளிற் பூச்சிகள் விளைவிக்கும் அரக்கே உலகெங்கும் பாட்டைச் சுமந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டு ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். இரவு முழுதும் நிகழ்ந்த நாடகப் பாட்டும், மணிக்கணக்காக விரிந்த கச்சேரியும் இம்மூன்று நிமிடத்துக்குள் ஒடுங்க வேண்டியனவாயின. பாட்டின் அளவை வணிகப் பொருளின் அளவே வரையறுத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இலண்டன் கிராமபோன் கம்பனியின் சார்பில் பிரெட் கைஸ்பேர்க் 1902 இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிந்தார். 1908 இல் கல்கத்தா நகரிலேயே தட்டு அழுத்தும் ஆலை எழுந்தது. தமிழ்நாட்டில் எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்கள் தட்டுக்களாய்ப் பரவின. பின்னாளிற் படத்தொழிலிற் புகழ் பெற்ற ஏ. வி. மெய்யப்பன், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் பெயரில் இசைத்தட்டு வணிகம் நடத்தியே அத்துறைக்கு வந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பேசும் படம் வந்த பின் படப்பாட்டே தட்டு வணிகத்தின் முதுகெலும்பாயிற்று.

சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆகிய தட்டுக்கள் கொழும்புத் துறையில் இறங்கிக் கிழக்குக்கு வந்தன. 1928 இல் புகையிரதம் மட்டக்களப்பை எட்டியது. அதற்குத் தெற்கே இருப்புப்பாதை இல்லை. ஆதலின் கல்முனைக்கு வரும் பொருள் வாவியைக் கடந்து கடலோரத் தெருவழியே வர வேண்டியிருந்தது. விழுந்தால் உடையும் அரக்குத் தட்டுக்கு அது நெடிய வழியேயாம். சிறு பட்டினங்களில் இசைத்தட்டுக்கெனத் தனிக்கடை அமைதல் அரிது. வானொலிப் பெட்டியும் கைக்கடிகாரமும் மிதிவண்டியும் விற்கும் கடையின் ஒரு மூலையில், நிமிர்த்தி அடுக்கிய தாளுறைகளே தட்டுக்கடை. வாங்குவோன் முதலிற் கேட்பான். கடைக்காரர் ஊசியை மாற்றி ஒரு பக்கத்தை ஓட விடுவார். வாங்காதவரும் வாயிலில் நின்று கேட்பர். உருக்கு ஊசி ஒரு பக்கம் ஓடியவுடன் தேயும். தேய்ந்த ஊசி தட்டின் வரியை அறுக்கும். எனவே சிறு தகரப்பெட்டியில் ஊசியும் உடன் விற்கப்பட்டது. வேளாண்மை வெட்டி நெல் விற்றுக் கைக்குப் பணம் வரும் காலமே வயற்புறப் பட்டினங்களில் இத்தகைய விருப்பப் பொருள்கள் விலைபோகும் காலம். தட்டுக்களை மிகுதியாக வாங்கியவர்களுள் ஒலிபெருக்கியை வாடகைக்குக் கட்டுவோரும் அடங்குவர். கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் ஒரே ஒலிபெருக்கி சென்றது; தட்டு மட்டுமே மாறியது.

இசையை ஏற்பதில் தயக்கமுள்ள முஸ்லிம் ஊர்களில் இப்பெட்டி எங்ஙனம் இடம் பெற்றது என்னும் வினா ஈண்டு எழும். இவ்வினா இக்கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. பத்தாவியாவில் வாழ்ந்த சையித் உதுமான் என்னும் அறிஞர் 1899 ஆம் ஆண்டிலேயே இவ்வியந்திரம் பற்றி மார்க்கத் தீர்ப்பு எழுதினார். இயந்திரம் ஓதுவது ஓதுதலாகுமா என்பது அன்றைய வாதம். வங்காளத்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. இஸ்லாமியப் பாட்டை முஸ்லிம்கள் விலை கொடுத்து வாங்கார் எனக் கம்பனியார் அஞ்சினர். பாடகர் அப்பாசுத்தீன் விடாது வற்புறுத்த, கவி நஸ்ருல் இஸ்லாம் இயற்றிய பெருநாட் பாட்டு 1932 இல் தட்டாக வெளிவந்து பெருக விற்பனையாயிற்று. அஞ்சியது வணிகமே, கேட்போர் அல்லர்.

தமிழில் இவ்விடத்தை நிரப்பியவர் நாகூர் ஈ. எம். ஹனிபா (1925–2015). கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி நாகூர் ஆண்டகையின் நினைவாக அமைந்தது. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நிகழும். ஆதலின் நாகூர் என்பது இம்மக்களுக்கு அயலூர்ப் பெயரன்று. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய கம்பீரமான குரல், கேட்கலாமா என்று தயங்கிய வீட்டுக்கும் ஓர் ஏதுவை அளித்தது. அக்குரல் முஸ்லிம் வீடுகளோடு நின்றதுமில்லை. இந்துக்களும் கிறித்தவரும் விரும்பிக் கேட்டனர். சேலத்திற் பிறந்து கொழும்பிற் குடியேறிய மொகிதீன் பேக் (1919–1991) பௌத்தப் பாடல்களைச் சிங்களத்திற் பாடிப் புகழடைந்தமையும் இதனோடு ஒப்பிடற்பாலது. தட்டு சமயம் கேட்டுச் சுழல்வதில்லை.

தட்டை வாங்க இயலாதவர்க்கு வானொலி உதவியது. 1920களின் முற்பகுதியில் கொழும்புத் தந்தி நிலையத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து எட்வேர்ட் ஹாப்பர் நிகழ்த்திய முதற் சோதனை ஒலிபரப்பே கிராமபோன் தட்டின் இசைதான். 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952 இல் இந்திய வானொலி படப்பாட்டை ஒதுக்கியபோது அந்நாட்டு மக்களும் கொழும்பை நோக்கிச் செவி சாய்த்தனர். அதனால் இலங்கை வானொலியின் தட்டு நூலகம் ஆசியாவின் பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நாம் வீட்டிற் பேணாதவற்றுட் பலவற்றை அந்நூலகம் பேணியது.

இனி வீழ்ச்சியை நோக்குவாம். 1948 இல் அமெரிக்காவில் வினைல் நெடுந்தட்டு வந்தது. அது ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடியது, எளிதில் உடையவுமில்லை. எனினும் நம் நாட்டிலே 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரை மேலும் இறுகியது. 1977 இல் வாயில் திறந்தபோது உட்புகுந்தது தட்டன்று, ஒலிநாடாவே. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோர் திரும்புகையில் ஒலிநாடாப் பெட்டியைக் கையோடு கொணர்ந்தனர். ஒரு தட்டை வாங்கி நூறு நாடாவிற் பதிந்து விற்கும் கடைகள் எழுந்தன. அக்கடைகளுக்குத் தட்டு விற்பனைப் பொருளன்று, மூலப்படி மட்டுமே. நெடுந்தட்டின் காலம் இங்கே முழுமையாக வராமலே போயிற்று எனலாம்.

எஞ்சியவற்றையும் இயற்கை விட்டுவைக்கவில்லை. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளி கீழ்க்கரையின் கூரைகளைப் பெயர்த்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகள் அடியோடு அழிந்தன. மக்களை இழந்தோர்முன் தட்டுக்களின் இழப்பைப் பேசுதல் நாணத்துக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் இறந்தோர் விரும்பிக் கேட்டது எது என்று அறிதலும் அவரை நினைத்தலின் ஒரு கூறே.

இவ்விடத்து நாம் ஒரு குறையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இக்கடைகளில் விற்பனையானவை பெரும்பாலும் சென்னையிலும் பம்பாயிலும் எழுந்த பாட்டுக்கள். வயலிலும் வாசலிலும் பாடப்பட்ட கவியும், பொல்லடிப் பாட்டும், பக்கீர்மாரின் றபான் பைத்தும் வாய்மொழியாகவே வழங்கின. வீ. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும், நிந்தவூர் எஸ். முத்துமீரானின் தொகுப்புக்களும் நாட்டுப்பாட்டின் சொற்களைக் காத்தன. சொல் நின்றது; மெட்டோ பாடுவோரின் மூச்சோடு நிற்கிறது. யாழுக்கு நேர்ந்த நிலையே கவிக்கும் நேரவுள்ளது. அன்று கருவி இல்லை என்பது காரணம். இன்று ஒவ்வொருவர் கையிலும் பதிவுக் கருவி உள்ளது. ஆதலால் அக்காரணத்தை நாம் கூறவியலாது.

மேனாட்டிலே தட்டு மீண்டும் விரும்பப்படுகின்றது; ஐக்கிய அமெரிக்காவில் 2020 இல் வினைல் விற்பனை வருவாய் இறுவட்டின் வருவாயை விஞ்சியது. அவ்வலை இங்கு வருமுன் நாம் செய்யத்தக்கன சில உள. வீட்டிற் பழந்தட்டு இருப்பின் அதனைக் கிடையாக அடுக்காது நிமிர்த்தி வைத்தல் வேண்டும், வெயில் படவிடலாகாது, அரக்குத் தட்டை மதுசாரம் கொண்டு துடைத்தலாகாது, அது தட்டைக் கரைக்கும். நடுவட்டத்துப் பெயரையும் எண்ணையும் குறித்து, அதனை வாங்கியவர் யார், எந்நாளிற் கேட்டனர் என்பதையும் முதியோரிடம் வினவி எழுதுதல் நன்று. கவி பாடும் மூதாட்டியர் இன்னும் சிலர் உளர். அவர்தம் குரலைப் பதிதல் நம் மாணவர் ஒருவர் ஒரு விடுமுறையில் முடிக்கத்தக்க பணி. அடிகளார்க்குக் கிடையாத வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. அதனைக் கைவிடின் பின்வருவோர் நம்மைப் பொறுத்தற்கு ஏது இல்லை.