கச்சேரியும் காமன் கூத்தும்: நமது சங்கீத வகுப்பின் கதை

1995ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதத்தை எடுத்தவர்கள் நாங்கள் பதினொரு பேர். வர்ணம், கீர்த்தனைகள், இராகம் தானம் பல்லவி, தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் என்று கச்சேரியின் ஒழுங்கைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்போம். அந்த ஒழுங்கை இன்றைய வடிவில் நிலைநிறுத்தியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்பதும் மனப்பாடம். மிருதங்கத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருந்தோம், விஞ்ஞானப் பாடத்துக்கு இதயத்தை வரைந்த அதே பென்சிலால். ஆனால் பதினொரு பேரில் ஒருத்திகூடக் கச்சேரி ஒன்றை நேரில் கேட்டதில்லை. மிருதங்கத்தைத் தொட்டுப் பார்த்தவளும் இல்லை. சங்கீத அறையில் ஒரு சுருதிப்பெட்டி இருந்தது. அதன் துருத்தியில் ஓட்டை. பிளாஸ்டர் ஒட்டியிருந்தோம்.

நமது பாடசாலையின் நூறு வருட வரலாற்றைப் பலரும் இம்மலரில் எழுதுகிறார்கள். கட்டடங்கள், அதிபர்கள், பெறுபேறுகள் பற்றியெல்லாம் அவர்கள் சொல்வார்கள். நாங்கள் சொல்ல விரும்புவது, இந்த நூறு வருடத்தில் சப்ரகமுவத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் காதில் என்ன விழுந்தது, எதைப் பார்க்கக் கிடைத்தது என்ற சிறிய விஷயத்தை மட்டும்.

கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். நமது பாடசாலையும் ஏறக்குறைய அந்த வயதுதான். அதற்கு முன்பே, 1911இல், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை சென்னையிலிருந்து வந்து நாடகம் போட்டிருந்தது. அதைப் பார்த்த உற்சாகத்தில்தான் கலையரசு சொர்ணலிங்கம் போன்றவர்கள் இங்கே சபை அமைத்து நடிக்கத் தொடங்கினார்கள். 1920களில் கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்தார்கள். களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் 1912இலேயே இரத்தினபுரிக்கு வந்துவிட்டது. ஆகவே கொழும்பு எட்டாத தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் ரயில் வந்தது தேயிலைக்கும் ரப்பருக்கும். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லாத ஒரு கொழுந்துக்காரி அதில் ஏறி நாடகம் பார்க்கப் போயிருப்பாளா என்று கேட்டால், எங்கள் பாட்டிமார் சிரிப்பார்கள். தோட்டத்தில் கிராமபோனும் வானொலியும் முதலில் ஏறியது பெரிய கங்காணி வீட்டிலும் கணக்கப்பிள்ளை வீட்டிலும். மற்றவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள்.

ஆனால் ஒரு பெண் குரல் தோட்டங்களுக்கே வந்தது. கோ. நடேசய்யர் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசுமுன் அவர் மனைவி மீனாட்சியம்மாள் எழுந்து நின்று பாடுவார். தொழிலாளர் படும் துயரத்தை எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளில், சிந்தாகக் கட்டி, தாமே எழுதிப் பாடினார். சிறு நூல்களாக அச்சிட்டும் கொடுத்தார். 1930களில் துரைமாரின் கோபத்துக்கு எதிரே ஒரு பெண் கூட்டத்தின் நடுவே நின்று பாடியது சின்னக் காரியமா? சங்கீத வரலாறு என்று நாங்கள் படித்த கொப்பியில் மும்மூர்த்திகள் இருந்தார்கள். மீனாட்சியம்மாள் இல்லை. அவர் பெயரை நாங்கள் முதலில் கேட்டது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு.

எங்கள் சங்கீத டீச்சர் யாழ்ப்பாணத்தவர். 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் தேறி வந்தவர். கண்டிப்பானவர். ஸ்வரம் பிசகினால் அடிக்கமாட்டார், பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். அது அடியைவிட மோசம். 1995 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் முறிந்துபோன அந்த மூன்று மாதத்துக்குள்தான் அவர் எங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுமார் நூறு கிலோமீற்றர், அவிசாவளை வழியாக பஸ். அதிபரின் முத்திரை வைத்த கடிதம், பெயர்ப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் பிரதிகள். இரண்டு பேருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. அவர்களுக்காகத் தோட்டத்து வைத்தியரிடம் ஒரு துண்டு வாங்கினோம். அமைதிக் காலம்தான், என்றாலும் எங்கள் அம்மாமார் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டே அனுப்பினார்கள்.

வெள்ளவத்தைப் பக்கத்தில் ஒரு மண்டபம். பாடியவர் ஓர் அம்மா. நாங்கள் எதிர்பார்த்தது ஒழுங்கு. கண்டது வேறு. மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். இடப்பக்கத் தோலில் ரவைப் பசையை அப்பினார். ரவையா, உப்புமா ரவையா என்று கிசுகிசுத்தோம். முன்வரிசைப் பெரியவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள், ஒருவர் மட்டும் எப்போதும் அரை இடம் பிந்தி. ஒரு கீர்த்தனையின் சரணத்தில் பாடகிக்குச் சொல் மறந்துவிட்டது. வயலின்காரர் அவர் முகத்தைப் பாராமலே அந்த வரியை வாசித்து இழுத்துக்கொண்டு போக, அவர் சிரித்தபடி அடுத்த சுற்றில் வந்து சேர்ந்துகொண்டார். பிழை விட்டுச் சிரிக்கலாம் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. கற்பனா ஸ்வரம் என்றால் ‘அந்த இடத்திலேயே மனோதர்மத்தால் பாடப்படுவது’ என்று எழுதி இரண்டு புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். அந்த இடம் என்றால் எந்த இடம் என்று அன்றுதான் விளங்கியது.

பிற்காலத்தில் மருத்துவம் படிக்கையில், இதய முணுமுணுப்புகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, வாட்டில் முதல் நாள் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது ஒன்றுமே புரியவில்லை. அந்தத் திகைப்பு நமக்குப் பழகியதுதான் என்று தோன்றியது. வெள்ளவத்தையில் ஏற்கனவே ஒருமுறை பட்டிருந்தோம்.

பிரதான உருப்படிக்குப் பிறகு தமிழ்ப் பாட்டுகள் வந்தன. மேடையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1940களில் அண்ணாமலை அரசர் முன்னின்ற இயக்கமும், 1943இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கமும் பாடத்தில் வந்தவை. ஆனால் அதற்காக ஏன் ஓர் இயக்கமே வேண்டியிருந்தது என்பதைத் தமிழ்ப் பாட்டுத் தொடங்கியதும் மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தில் பார்த்தோம். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஊரில் கச்சேரி கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. வயதானவர்கள் அழுவார்கள் என்று நினைத்தோம். அவருக்கு அப்போது எங்களின் இன்றைய வயதுகூட இராது.

தனி ஆவர்த்தனத்தின்போதுதான் அது நடந்தது. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்க, நடை மூன்று மூன்றாக மாறியது. எங்களில் ஒருத்தி, வகுப்பில் அதிகம் பேசாதவள், பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து, “இது எங்கப்பா அடிக்கிற மாதிரியே இருக்கு” என்றாள். திரும்பும் பஸ்ஸில் கேட்டபோதுதான் அவள் அப்பா தப்புக்காரர் என்று தெரிந்தது.

அந்த வாரம் மாசி. தோட்டத்தில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும்வரை தோட்டத்தில் வேறு பேச்சு இல்லை. காமனும் இரதியும் மணமுடித்து ஆடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கக் காமன் அம்பு தொடுக்க, நெற்றிக்கண் திறந்து அவன் எரிவான். இரதி அழுவாள். வீரபத்திரனும் யமனும் வந்து போவார்கள். மூன்றாம் நாள் காமன் உயிர்பெறுவான். எல்லாப் பாத்திரமும் ஆண்களே. இரதி வேடமிட்டவர் மறுநாள் காலை கவ்வாத்து வெட்டப் போவார். தேயிலை மிலாறு எரித்த நெருப்பில் தப்பைக் காய்ச்சிக் காய்ச்சி, விடியும்வரை அடிப்பார்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் ஒவ்வோர் அடி. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் யார் வருகிறார் என்று சொல்லிவிடலாம். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இப்படியே. தபசுக் கம்பத்தில் அருச்சுனன் பாடிப் பாடி ஏறுவதைப் பார்த்த இரவுகளில் எங்களுக்குக் கழுத்து வலிக்கும்.

பெண்கள் ஆடக்கூடாது. பார்க்கலாம், அதுவும் ஒதுங்கி நின்று. கூத்து முடிந்த மறுநாள் வகுப்பில் தூங்கினால் வெளியே நிற்க வேண்டும். “அந்தக் கூச்சலுக்கு விழித்திருந்தாயா” என்பது அந்நாளைய கேள்வி. கொழும்பில் சுந்தராம்பாள் ஆண் வேடமும் கட்டிப் புகழ் பெற்ற காலத்திலிருந்தே நமது லயன்களில் ஆண்கள்தான் இரதி. பெண்களின் பாட்டு தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் அச்சில் வந்தது. அதற்குமுன் அவற்றைப் பாட்டு என்று தாளில் எழுதுவார் குறைவு.

கொழும்பிலிருந்து வந்த அடுத்த வாரம், காமன் எரிந்த இரவில், நாங்கள் ஐந்து பேர் அவள் தோட்டத்துக்குப் போனோம். இம்முறை விரலில் எண்ணிக்கொண்டு நின்றோம். காமன் வரும் அடியை எங்கள் கணக்கில் ஆறாகப் பிரித்தோம். அது தவறாகவும் இருக்கலாம், ஆனால் எண்ணினோம். காமன் எரிந்ததும் இரதி அழுத அழுகை ஒப்பாரி மெட்டுதான். ஆனால் அதில் முகாரி போல ஒன்று கேட்டது என்று ஒருத்தி சத்தியம் செய்தாள். அவள் அப்பா வியர்வையில் நனைந்து, தப்பை நெஞ்சில் அணைத்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒருத்தி அவளை அவள் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூத்துக்குப் போனவர்களில் ஒருத்திதான். மற்றவர்கள் சிரித்தோம். எல்லோரும் சிரித்தோமா, சிலர் பேசாமல் இருந்தோமா என்று இன்று பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கடத்துக்குக் கைதட்டி எட்டு நாள் ஆகவில்லை. டீச்சர் அறைக்குள் வந்து விஷயம் தெரிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்தார். பரீட்சையில் விசேட சித்தி அவளுக்கு மட்டுமே. அதற்குப் பிறகு அவள் படிக்க வரவில்லை. கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.

நமது பகுதியில் கலை ஏன் மெலிந்தது என்று பேசும்போது எல்லோரும் தொலைக்காட்சியைக் குறை சொல்கிறார்கள். அது பாதிக் கதையும் அல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியா போக வேண்டியவர்களாக எண்ணப்பட்டார்கள். கூத்து வாத்தியார் ஒரு கப்பலிலும் பின்பாட்டுக்காரர் அடுத்த கப்பலிலும் தலைமன்னாரில் ஏறினால் கூத்து எங்கே நிற்கும்? 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்கள் எரிந்தன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் போனார்கள். எங்கள் அப்பாமார் சொல்வார்கள், ஒரு வருடம் காமன் இருந்தான், இரதிக்கு ஆள் இல்லை என்று.

போனவர்கள் கேட்ட இன்னொரு சத்தமும் நமக்கு உரியதுதான். இரத்தினபுரி சமன் தேவாலயப் பெரஹராவில் அடிக்கும் தவுல், சப்ரகமுவச் சிங்கள ஆடல் மரபுக்கே உரிய வாத்தியம். ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கை. நமது கோயில் தவிலும் அப்படித்தான். பெயரும் கிட்டத்தட்ட ஒன்றே. எதிரிகள் என்று சொல்லிக்கொண்ட வருடங்களிலும் இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன. சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் நாடகம மரபை மேடைக்குக் கொண்டுவந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று மட்டக்களப்புக் கூத்தை 1960களில் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஆட வைத்தார். படித்தவர்கள் நாட்டான் கூத்து என்று முகம் சுளித்ததை அவர் அரங்கில் ஏற்றினார். நமது காமனுக்கு அப்படி ஒருவர் அக்காலத்தில் வாய்க்கவில்லை என்பது எங்கள் ஆதங்கம். இன்று நமது பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் பாடமாக இருக்கிறது. பிள்ளைகள் காமன் கூத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் விடியும்வரை நின்று பார்த்தார்கள் என்று விசாரிக்க ஆசை.

இதை எழுதி முடித்ததும் அவளைத் தேடித் தொலைபேசியில் பிடித்தோம். முப்பது வருடம். அவள் அப்பா காலமாகிவிட்டார். தம்பி அடிக்கிறாராம், மாசிக்கு மட்டும். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி எழுதியிருக்கிறோம் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு, முழுவதையும் வாசித்துக் காட்டினோம். பெயர் போட வேண்டாம் என்றாள். மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஒண்ணு பிழையா எழுதியிருக்கீங்க” என்றாள். “மிலாறு போட்டா தோலு வெடிச்சிரும் புள்ள. எங்கப்பா மானாப்புல்லத்தான் கொளுத்துவாரு.”