திண்ணைப் பள்ளியும் நம்மூரும்

பொருநையின் தென்கரையில், அம்பாசமுத்திரத்திற்கு எதிரே விளங்குவது நம் கல்லிடைக்குறிச்சி. திருவாவடுதுறை ஆதீனத்துச் சின்னப்பட்டம் நமச்சிவாய தேசிகர் தங்கியிருந்து தமிழ் வளர்த்த மடமும் இவ்வூரதே. அத்தகைய உயர்கல்விக்கு முதற்படி யாது? திண்ணைப் பள்ளியே. அங்குப் பயின்று மேலேறியவருள் ஒருவரே உ. வே. சாமிநாதையர் (1855–1942). அதன் வரலாற்றை நம் சங்கத்தார்க்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

விசயதசமியன்று ஏடு தொடங்கிய பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகும்; கை படிந்த பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் பெறும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியன நெட்டுருவாகும். எண்சுவடியோ, 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரை மனக்கணக்கிற் பயிற்றும். நெல்லளக்கவும் நிலமளக்கவும் அதுவே உதவிற்று. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லி வைப்பான். ஆதலின் ஆசிரியர் ஒருவரே பலரை நடத்த இயன்றது.

இம்முறையின் பெருமையைப் பிறநாட்டாரும் உணர்ந்தனர். சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்தார். அதுபற்றி 1797-இல் இலண்டனில் நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என அஃது இங்கிலாந்தில் பரவிற்று. ஸ்காத்லாந்தில் அவர் பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே வழங்குகின்றது.

கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் செய்து 1826-இல் வெளியிட்ட குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650. ஆயிரம் பேர்க்கு ஏறக்குறைய ஒரு பள்ளி. இதனைக் கண்டு நாம் பெருமிதங் கொள்ளலாம். ஆயின் அக்கணக்கின் மற்றொரு பகுதியையும் மறைத்தல் அறமாகாது. அம்மாணாக்கருள் பெண்கள் 4,540 பேரே! நூற்றுக்கு மூவரும் இலர். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கோ பெரும்பாலான திண்ணைகளில் ஏறவும் உரிமை இல்லை. கற்பித்த முறை சிறந்தது. கதவடைத்த வழக்கம் இழிந்தது. ஒன்றைப் போற்றுவோர் மற்றொன்றை மறத்தலாகாது.

அன்பர்களே! பழைய வீடுகள் இடிபடுந்தோறும் திண்ணைகளும் மறைகின்றன. பரணிலுள்ள ஓலைச்சுவடிகளும் குப்பையோடு கழிகின்றன. உங்கள் இல்லத்து ஏடுகளை எறியாது ஆய்ந்து பார்த்துச் சுவடி நூலகங்கட்கு அளியுங்கள். நம் சங்கம் வழங்கும் கல்வியுதவியும் பெண்மக்கட்கு முன்னிடம் தந்து, நம்மவர் பிறர் என்னும் வேறுபாடின்றிச் செல்வதாகுக. முன்னோர் திண்ணைக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.