காந்த ஊசியும் ஊசற்குண்டும்: திருவிதாங்கூரிலிருந்து கடலடி எரிமலைகளுக்கு

கடலடி எரிமலைகளின் ஆய்வு கப்பல்களில் தொடங்கியதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அதற்குரிய இரு அளவீட்டு மரபுகளும் தென்திருவிதாங்கூர்க் கரையில் அதற்கு வெகுமுன்பே வேரூன்றியிருந்தன.

1837இல் சுவாதித் திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரம் வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது; ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள அந்நகரில் காந்த ஊசியின் விலக்கத்தை மணிதோறும் பதிவு செய்வித்தார். 1855இல் அகத்தியர் மலையிலும் ஒரு நிலையம் எழுந்தது. காட்டு மழையிலும் பணியைத் தொடர்ந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் உதவியாளர்களே. அப்பதிவுகள் 1874இல் நூலாயின.

மற்றது ஈர்ப்பு. இந்தியப் பெரு முக்கோணவியல் அளவையைச் சேர்ந்த பசேவி, 1865 முதல் ஊசலைக் கொண்டு ஈர்ப்பை அளந்தார். ஆலப்புழை போன்ற கரையோர நிலையங்களைவிட மினிக்காய்த் தீவில் ஈர்ப்பு மிகுந்திருந்தது. 1871இல் லடாக் உயர்நிலத்தில் பணியிடையே அவர் உயிர்நீத்தார். மினிக்காயின் பவளப்பாறைக்கு அடியில் எரிமலைத் தொடர் ஒன்று புதைந்திருப்பதை அன்று எவரும் அறியார். இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தபோது ரீயூனியன் வெப்பப்புள்ளி விட்டுச்சென்ற தடம் அது.

இன்று அரபிக்கடலின் லட்சுமி வடிநிலத்திலுள்ள ராமன், பணிக்கர் கடலடி மலைகளை ஆராய்வோரும் இவ்விரு அளவுகளையே நாடுகின்றனர். நீரைவிட அடர்ந்த எரிமலைப் பாறை ஈர்ப்பைக் கூட்டுகிறது. அக்கூடுதலின் அளவு, மலையின் சுமையைத் தட்டு எவ்வாறு தாங்குகிறது என்பதை உணர்த்துகிறது. எரிகுழம்பு குளிர்கையில் அக்காலப் புவிக்காந்தத்தின் திசை பாறையில் உறைந்துவிடுகிறது. இன்றைய புலத்தின் திசையிலேயே காந்தமேறிய மலை, துருவத்தருகே காந்தப்புலத்தைக் கூட்டியும், காந்த நடுக்கோட்டருகே குறைத்தும் காட்டும்.

இங்குதான் பிரௌனின் பதிவேட்டுமுறை பொருள் பெறுகிறது. காந்த நடுக்கோட்டின்மேல் பகற்பொழுதில் வானயனி மண்டலத்தில் வலிய மின்னோட்டம் பாய்வதால், கப்பலின் அளவி காட்டும் மாற்றம் மலையினுடையதா, நண்பகலினுடையதா என்ற ஐயம் எழும். கரையில் இடைவிடாது இயங்கும் நிலையத்தின் பதிவைக் கழித்தாலன்றி அது தெளியாது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் இதே காந்த நடுக்கோடே காரணம்.

அகத்தியர் மலை நிலையம் நிலைக்கவில்லை. அதன் எண்கள் நிலைத்தன. உடனடிப் பயன் காட்டாத தொடர்பதிவுகளே நிதிச்சுருக்கத்தில் முதலில் கைவிடப்படுகின்றன. எந்தக் கேள்விக்கு அவை விடையாகும் என்பது, அவற்றை எழுதுவோருக்கே தெரியாமல் இருக்கலாம்.