மணியக்காரர் சத்திரம்

மணியக்காரர் சத்திரம்: சென்னை மாநகரின் வடபால், இராயபுரத்தை அடுத்த பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதியில், பழைய சிறைச்சாலைச் சாலையையொட்டி அமைந்த தர்ம ஸ்தாபனம், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு மூலம்.

தோற்றம்: யாத்திரிகர் ஓரிரு நாள் இளைப்பாறிச் செல்வதற்கென்று வழிநடைப் பாதைகளில் எழுந்த சத்திரங்களைப் போலன்றி, இது யுத்தத்தாலும் க்ஷாமத்தாலும் ஊரிழந்தோருக்காக எழுந்தது. 1780இல் மைசூர் ஹைதர் அலியின் சேனை, கர்நாடகம் என்று அக்காலத்தில் வழங்கிய தமிழ்ப் பிரதேசத்துள் புகுந்ததால், விளைநிலம் பாழாகிக் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாகச் சென்னையை நோக்கி வர, 1782 அளவில் கிராம மணியக்காரர் ஒருவர் நகரமதிலின் வடபுறத்தில் அவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கினார் என்பது வழக்கு.

மருத்துவசாலையாதல்: பட்டினியால் நலிந்து வந்தவர்களுக்குப் பசியோடு பிணியும் இருந்தமையால், சோறும் கஞ்சியும் மட்டும் போதுமானவையாக இல்லை. 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் உதவி அறுவை வைத்தியர் சுதேசிகளுக்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினார். அது சில ஆண்டுகளுக்குள் சத்திரத்தோடு இணைக்கப்பெற்றது. தனியொருவரின் அன்னதானமாகத் தோன்றியது, இவ்வாறு சிகிச்சையையும் ஏற்று நெடுங்காலம் நடந்தது. 1910இல் மருத்துவசாலையை மட்டும் அரசாங்கம் ஏற்றதும், அது இராயபுரம் மருத்துவமனையாயிற்று. பின்னர் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1938இல் அங்கிருந்த மருத்துவப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது.

சூழல்: 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றதும், பின்னர்த் துறைமுகமும் ஆலைகளும் பெருகியதும், இப்பகுதியைத் தொழிலாளர் குடியிருப்பாக மாற்றின. ஆதலால், முன்பு பஞ்சம் விரட்டிய உழவர் நாடிவந்த இவ்விடத்தை, பின்னர்த் துறைமுகக் கூலிகளும் மீனவரும் நாடலாயினர்.

இன்றைய நிலை: சத்திரம் ஆதரவற்ற முதியோரைப் பேணும் இல்லமாக நடந்து வருகிறது. மருத்துவமனையோ, காசிமேடு முதல் எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரையுள்ள கடற்கரை மக்களுக்குப் பெருந்துணை. பெயர்ப்பலகையில் ஸ்டான்லி என்றிருப்பினும், முதியவர் பலர் அதனைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்குகின்றனர்.