1776க்கு முந்தைய பதிவேடு

இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் தன் வரலாற்றை 1776இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் ராணுவத் துறை ஒன்றை அமைத்தது. படை குறித்துப் பல துறைகளும் பிறப்பித்த உத்தரவுகளைப் பிரித்தெடுத்துப் பதிவு செய்வதே அதன் முதன்மையான வேலை. பொதுத் துறையின் ஒரு கிளையாகத்தான் அது முதலில் இயங்கியது. படையினரின் பெயர்ப் பட்டியலையும் பராமரித்தது. அமைச்சகம் தரும் குறிப்பு இதுதான். போட்டித் தேர்வுக் கையேடுகளும் இதையே திருப்பிச் சொல்கின்றன.

எனக்கு அந்த ஆண்டு உறுத்தியது. 1776க்குள் கம்பெனி தெற்கே முப்பது ஆண்டுகள் சண்டை போட்டுவிட்டது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்தது. 1748இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து, அங்கிருந்த ஆட்களை ஒழுங்கான படையாக்கினார். 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். திருச்சிக்கான போர் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1764இல், கம்பெனியை எதிர்த்த யூசுப் கானை மதுரையில் தூக்கிலிட்டார்கள். 1767 முதல் ஹைதர் அலியோடு போர். இவ்வளவும் எழுத்தில் ஏறாமலா நடந்திருக்கும்? கம்பெனி அடிப்படையில் வியாபாரிகளின் நிறுவனம். வண்டி மாட்டு வாடகைக்குக்கூட லண்டனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போர்க் காகிதங்கள் எங்கோ தனியாகக் குவிந்திருக்க வேண்டும் என்று பட்டது.

ஆகவே டெல்லிக்குப் போவதற்கு முன் எழும்பூர் போனேன். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் செங்கல் கட்டடம் 1909இல் எழுந்தது. அடுத்த ஆண்டிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பழைய பதிவேடுகள் வரிசையாக அச்சாகத் தொடங்கின. அந்த வரிசையில் என் கைக்கு வந்த ஒரு தொகுதியின் தலைப்பு, ராணுவத் துறையின் நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவும் என்று இருந்தது. ஆண்டு 1752. கல்கத்தாத் துறைக்கு 24 ஆண்டுகள் முந்தியது!

ஆனால் தலைப்பை மட்டும் நம்பி ஆவணக் காப்பகத்தில் முடிவுக்கு வரக் கூடாது. 1910இல் அச்சிட்டவர்கள் தங்கள் காலத்துத் துறைப் பெயரைப் பழைய ஏட்டின் மேல் ஒட்டியிருக்கலாமே? அதனால் தலைப்பை ஒதுக்கிவிட்டு உள்ளே பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிவிலும் தேதி, கூடிய இடம், வந்திருந்தவர்கள் பெயர். தலைமை வகிப்பவர் ஆளுநர் தாமஸ் சாண்டர்ஸ். பிறகு முகாம்களிலிருந்து வந்த கடிதங்கள், அவற்றின் மேல் எடுத்த முடிவுகள். எவ்வளவு வெடிமருந்து அனுப்புவது, சிப்பாய்களுக்குச் சம்பளமும் பேட்டாவும் எங்கிருந்து கொடுப்பது, ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் பாக்கியை எப்படிக் கேட்பது என்ற கவலைகள். துணி கொள்முதலும் கப்பல் சரக்கும் பொதுத் துறைப் பதிவேட்டின் வேலை. அந்தப் பொதுப் பதிவேடு அதுபாட்டுக்குத் தொடர்ந்துகொண்டிருந்தபோதே, போருக்கென்று வேறொரு பதிவேடு திறந்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அட்டையில் உள்ள பெயரைவிட இந்தப் பிரிவினையே உறுதியான சான்று.

ஏன் 1752? காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னை வீழ்ந்த நாளிலிருந்து கடலூரில் இயங்கிய மாகாணத் தலைமை, அந்த ஆண்டில்தான் சென்னைக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஜூனில், பிரெஞ்சு ஆதரவோடு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் கொல்லப்பட்டார். அதன் பிறகும் போர் ஓயவில்லை. வாணிகக் கணக்கும் போர்க் கடிதமும் ஒரே ஏட்டில் கலந்தால் எதையும் தேடி எடுக்க முடியாது. மருதநாயகம் என்று நாம் அழைக்கும் யூசுப் கானின் வாழ்க்கையை 1914இல் நூலாக்கிய எஸ்.சி. ஹில் போன்றவர்களுக்கு இந்தப் பிரிப்பு பெரிய உதவி.

பிறகு ஏன் கல்கத்தா முந்திக்கொண்டது? விடை 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தில் இருக்கிறது. வங்காளத்தின் ஆளுநர் தலைமை ஆளுநரானார். போரும் சமாதானமும் குறித்த விஷயங்களில் சென்னையும் பம்பாயும் அவருக்குக் கட்டுப்பட்டன. அமைச்சகம் தன் வம்சாவளியை அந்த மேலதிகாரத்தின் வழியாக எழுதிக்கொண்டது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அது பாதி நியாயம். சென்னைப் படை 1895 ஏப்ரல் வரை தனிப்படையாகவே இருந்தது. அதன் பிறகுதான் மூன்று மாகாணப் படைகளும் ஒன்றாகி, பஞ்சாப், வங்காளம், சென்னை, பம்பாய் என்று நான்கு கட்டளைப் பிரிவுகளாயின. ஆக, சென்னை வழியும் இதே அமைச்சகத்தில்தான் வந்து சேர்கிறது.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் கல்கத்தாவில் பிறந்த ராணுவத் துறையைப் பின்தொடர்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆண்டைப் பொறுத்து அதன் பெயர் மாறும். 1906 மார்ச் வரை ராணுவத் துறை. அதன் பின் தரைப்படைத் துறை, ராணுவ வழங்கல் துறை என்று இரண்டு. 1909 ஏப்ரலில் வழங்கல் துறை மறைந்தது. 1938 ஜனவரியில் பாதுகாப்புத் துறை, 1947 ஆகஸ்டில் அமைச்சகம்.

1906இல் நடந்த உடைப்புக்குப் பின்னால் இருப்பது வைஸ்ராய் கர்சனுக்கும் தலைமைத் தளபதி கிச்சனருக்கும் நடந்த மோதல். வைஸ்ராயின் குழுவில் படை நிர்வாகத்துக்கென்று ராணுவ உறுப்பினர் ஒருவர் இருந்தார். தன்னைவிடத் தரத்தில் குறைந்த அதிகாரி தன் திட்டங்களைத் தடுப்பதைக் கிச்சனர் ஏற்கவில்லை. லண்டன் அவர் பக்கம் சாய்ந்தது. படைக் கட்டளையும் நிர்வாகமும் ஒருவரிடமே சேரக் கூடாது என்று எச்சரித்த கர்சன் 1905 ஆகஸ்டில் பதவி விலகினார். எல்லா அதிகாரமும் தலைமைத் தளபதி ஒருவரிடமே சேர்ந்தது. பலன் முதல் உலகப் போரில், இந்தியப் படை போரிட்ட மெசொப்பொத்தேமியாவில் தெரிந்தது. 1916 ஏப்ரலில் கூத் நகரில் சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள். காயம்பட்டவர்களுக்கு மருந்தும் போக்குவரத்தும் இல்லாமல் போன கொடுமையை 1917இல் விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. ஒரே மனிதர் இரண்டு பொறுப்புகளையும் சுமந்ததைக் கண்டித்தது. கர்சனின் எச்சரிக்கை சரி என்றாக அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பதை இன்றும் என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

1946 செப்டம்பரில் இடைக்கால அரசில் பல்தேவ் சிங் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றபோது, தலைமைத் தளபதி நிர்வாகக் குழுவிலிருந்து வெளியேறினார். 1955 முதல் முப்படைகளின் தலைவர்களும் தலைமைத் தளபதி என்ற பட்டத்தை இழந்து, படைத் தலைமை அதிகாரிகள் ஆனார்கள். சீனப் போரின் நடுவே, 1962 நவம்பரில், பாதுகாப்பு உற்பத்தித் துறை பிறந்தது. ஆராய்ச்சிக்கு 1980இலும் முன்னாள் படைவீரர் நலனுக்கு 2004இலும் தனித் துறைகள் வந்தன. 2020 ஜனவரியில் முப்படைத் தலைமைத் தளபதி பதவியோடு ராணுவ விவகாரத் துறை ஐந்தாவதாகச் சேர்ந்தது. முப்படைகளும் அதன் கீழ் போயின. இந்தியாவின் பாதுகாப்பு என்ற பொறுப்பு மட்டும் பாதுகாப்புத் துறையிடமே நின்றது. சீருடை அணிந்த அந்தத் தளபதியே அரசுச் செயலாளராகக் கோப்பில் கையெழுத்திடும் இந்த ஏற்பாட்டை எடைபோட விரும்புபவர் கூத் விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

1776 என்பது கல்கத்தா கிளையின் ஆண்டு. அமைச்சகத்தின் வரலாற்றுக் குறிப்பில் அதற்கு முன்பாக 1752ஆம் ஆண்டுச் சென்னைப் பதிவேட்டுக்கு ஒரு வரி இடம் தர வேண்டும். 1752 முதல் 1756 வரையிலான தொகுதிகள் அச்சில் இருக்கின்றன. பின்னர் வந்தவற்றைப் படிக்கப் பழைய ஆங்கிலக் கையெழுத்தில் பழக்கம் வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளப் பொறுமையுள்ள இளைஞர்கள் எழும்பூருக்குப் போக வேண்டும்.